காடு பார்க்க ஆறு நாள்

எங்கள் ஊர்ப் பக்கம் 'காட்டுக்குப் போயிட்டு வர்றேன்' என்று ஒருவர் சொன்னால், புலி பார்க்கப் போகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். கடலைக்குக் களை எடுக்கப் போகிறார். காரிமங்கலத்தில் காடு என்றால் மானாவாரி நிலம். மழை வந்தால் ராகி, கடலை, துவரை. வராவிட்டால் வெறும் காடு.

அதனால்தான், "பசங்களுக்கு மலேசியாவுல மழைக்காட்டைக் காட்டிட்டு வரலாம்னு இருக்கோம்மா" என்று நான் சொன்னபோது அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"காட்டைப் பாக்க எதுக்குடா ஏரோப்ளேன் ஏறணும்? கொல்லப்பக்கம் எறங்கி நடந்தா காடுதான்."

சிரித்து முடித்துவிட்டு, கொஞ்ச நேரம் முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர் கேட்டார்: "மலேசியான்னா மலாயாதான?"

"ஆமாம்மா."

"அப்ப நானும் வர்றேன்."

எழுபத்தைந்து வயது. இரண்டு முழங்காலிலும் வலி. திருப்பதிக்கு அப்பால் எங்கேயும் போனதில்லை. பாஸ்போர்ட் கிடையாது. நீங்களே சொல்லுங்கள், என் பயணத் திட்டம் அந்த நிமிஷம் என்ன பாடு பட்டிருக்கும்?

அம்மா ஏன் அப்படிக் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். அவருடைய பெரியப்பா, அதாவது என் தாத்தாவின் அண்ணன், 1937-ல் மலாயாவுக்குப் போனவர். அப்போது தர்மபுரி தனி மாவட்டம் இல்லை, சேலத்தோடு இருந்தது. 1965-ல்தான் பிரிந்தது. திருச்சி, தஞ்சாவூர், வடஆற்காடு போலவே சேலம் ஜில்லாவிலிருந்தும் கங்காணிகள் ஆள் சேர்த்து, கப்பலேற்றி ரப்பர் தோட்டங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். அவர் போன மறு வருஷமே, 1938-ல், அரசாங்கம் அந்த மாதிரி ஆள் பிடித்து அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஒரு வருஷம் தாமதித்திருந்தால் ஊரிலேயே இருந்திருப்பார்.

அவர் எழுதியதில் ஒரே ஒரு கடிதம் மிஞ்சியிருக்கிறது. 1940-ல் எழுதியது. கோலா லிப்பிஸ் என்ற ஊரின் தபால் முத்திரை. அதில் சம்பளக் கணக்கு இருக்கிறது, ஒரு பசு மாட்டைப் பற்றிய விசாரிப்பு இருக்கிறது, பிறகு மழையைப் பற்றி ஒரு புலம்பல். துணி காய்வதே இல்லையாம். இந்த மழையில் பாதி நம் ஊரில் பெய்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறார்.

சண்டை முடிந்து திரும்பி வந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், 'சப்பான்காரன் அவரை சயாமுக்கு ரயில் ரோடு போடக் கூட்டிட்டுப் போயிட்டான்' என்று மட்டும் சொன்னாராம். அதோடு சரி. சாவுச் செய்தியும் இல்லை, ஆளும் இல்லை. பெரியம்மா பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. 1979-ல் சுமங்கலியாகவே போய்ச் சேர்ந்தார். அம்மாவை வளர்த்தவர் அவர்தான்.

சரி, திட்டத்துக்கு வருவோம்.

முதலில் ஒரு டிராவல்ஸில் கேட்டேன். ஐந்து இரவு, ஆறு பகல். கோலாலம்பூர், கெந்திங், லங்காவி, பினாங்கு, கடைசியில் சிங்கப்பூரையும் 'தொட்டுவிட்டு' வரலாம் என்று வழவழ தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். நான் பி.காம். ஆசாமி. எதைப் பார்த்தாலும் இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு என்று கோடு போடத்தான் கை போகும். போட்டேன். ஆறு நாள் என்றால் 144 மணி நேரம். தூக்கம் 40. விமானம், வேன், வரிசையில் நிற்பது 52. ஹோட்டல் மாறிப் பெட்டி கட்டி அவிழ்க்க 12. 'ஷாப்பிங்' என்று அவர்களே போட்டிருந்தது 10. மிச்சம் 30 மணி நேரம், அதில் ஐந்து ஊர். ஊருக்கு ஆறு மணி நேரம். எங்கள் ஊர்ச் செவ்வாய்க்கிழமைச் சந்தையை ஒழுங்காகப் பார்க்கவே அவ்வளவு நேரம் ஆகும் சார்.

தாளை வாங்கிப் பார்த்த அம்மா கேட்ட ஒரே கேள்வி: "இதுல காடு எங்கடா?"

இல்லைதான். மழைக்காட்டு தேசத்துக்கு ஆறு நாள் போட்ட திட்டத்தில் ஒரு மரம்கூட இல்லை.

அன்றைக்கு ராத்திரி நோட்டுப் புத்தகத்தை எடுத்து நானே உட்கார்ந்தேன். கெந்திங்கை முதலில் அடித்தேன். சூதாட்டத்துக்கும் நமக்கும் ராசி இல்லை. கேமரன் மலை என்று மனைவி ஆசைப்பட்டார். டீத் தோட்டம், குளிர் எல்லாம் அழகுதான், ஆனால் நமக்கு ஏற்காடு இருக்கிறதே என்று அதையும் அடித்தேன். அந்தக் கோபம் எனக்கு இரண்டு நாள் காபியில் தெரிந்தது. லங்காவிக் கடல் போயிற்று. பினாங்கு போனதில் எனக்கே வருத்தம்; அதற்கு என்று தனியாகப் போக வேண்டும்.

மிஞ்சியது தாமான் நெகாரா. மலாய் மொழியில் 'தேசியப் பூங்கா' என்றுதான் அர்த்தம். பகாங், கிளந்தான், திரங்கானு என்று மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கி.மீ. விரிந்து கிடக்கிறது. 1938-39-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் பாதுகாப்பு ஏற்பாடு ஆரம்பமாகி, சுதந்திரத்துக்குப் பிறகு இந்தப் பெயருக்கு மாறியது. 13 கோடி ஆண்டு பழைய காடு என்கிறார்கள். பனி யுகங்களில் உலகம் உறைந்தபோதும் பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருந்ததால் இந்தக் காடு தப்பித்தது.

காலக் கணக்கு முக்கியம். நமக்குச் சோறு போடும் அதே வடகிழக்குப் பருவமழைதான் அங்கே நவம்பர், டிசம்பர், ஜனவரியில் கொட்டித் தீர்க்கும். ஆறு பொங்கும், பாதைகளை மூடுவார்கள். அதனால் அரையாண்டு விடுமுறை வேண்டவே வேண்டாம். ஏப்ரல், மே சரியாக இருக்கும். அதுவும் நம் கணக்கில் வறட்சி இல்லை. தர்மபுரியில் வருஷம் முழுக்கச் சேர்ந்து பெய்வது ஏறக்குறைய 850 மி.மீ. அங்கே 2,000 மி.மீ.க்கு மேல். குடை எடுத்துப் போவது வீண். மழைக்கோட்டும், சட்டென்று காயும் துணியும்தான் உதவும்.

எங்கள் ஊரிலிருந்து சென்னையைவிட பெங்களூரு விமான நிலையம் கிட்டத்தில். ராத்திரி ஏறினால் நாலு மணி நேரச் சொச்சத்தில் கோலாலம்பூரில் விடிகிறது. அவர்கள் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. விசா விஷயம்: 2023 டிசம்பர் 1 முதல் இந்தியருக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதித்தார்கள். கெடு வைத்து வைத்து நீட்டிக்கிற ஏற்பாடு அது. டிக்கெட் போடுமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வருகைப் படிவத்தை இங்கேயே இன்டர்நெட்டில் நிரப்பிவிட வேண்டும். அம்மாவுக்கு நிரப்பும்போது 'பயணத்தின் நோக்கம்' என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கினேன். சுற்றுலா என்று போட்டேன்.

அடுத்த சண்டை படகால் வந்தது. கோலா தெம்பெலிங் துறையிலிருந்து கோலா தாஹான் வரை ஆற்றிலேயே 60 கி.மீ. போகலாம். நீளமான மரப்படகு, இரண்டரை மூன்று மணி நேரம், இரண்டு கரையிலும் காடு. பையன் அதற்காகவே வருகிறான். மனைவி ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: "அத்தை மூணு மணி நேரம் பலகையில காலை நீட்டிட்டு உக்காந்திருப்பாங்களா?" ரோடு வழியே வேனில் போவது என்று முடிவாயிற்று. பையன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். அவனுக்காக, கோலா தாஹானிலிருந்து லாத்தா பெர்கோ அருவிக்குப் போகும் சின்னப் படகுப் பயணம் ஒன்றைச் சேர்த்தேன். வயசானவர்கள், குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு இதைத்தான் நானும் சொல்வேன்.

இப்படியாக, முதல் நாள் கோலாலம்பூரில் ஓய்வு, மாலையில் பத்துமலை. அப்புறம் மூன்று இரவு ஒரே இடம், கோலா தாஹான். ஐந்தாம் நாள் கோலா லிப்பிஸ் போய், ராத்திரி கோலாலம்பூர். ஆறாம் நாள் விமானம். அவ்வளவுதான் திட்டம். "மூணு ராத்திரி ஒரே எடத்துலயா?" என்று மகள் கேட்டாள். நானும் உள்ளுக்குள் பயந்துகொண்டுதான் இருந்தேன்.

2024 மே மாதம் போனோம்.

பத்துமலையில் 42.7 மீட்டர் முருகன் 2006-லிருந்து நிற்கிறார். மேலே 272 படி. பிள்ளைகள் ஏறினார்கள். எங்கள் ஊர் மலைக்கோயில் படியை ஒரு காலத்தில் மூச்சு வாங்காமல் ஏறியவர், கீழேயே நின்று கும்பிட்டுவிட்டு, "தெரியறாரு, போதும்" என்றார்.

காட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் நாள் எதுவுமே தெரியாது. உண்மையாகத்தான் சொல்கிறேன். டி.வி.யில் பார்த்த யானையும் புலியும் வந்து நிற்கும் என்று போனால் ஏமாற்றம்தான். அந்த நாடு முழுக்கவே புலி 150-க்கும் குறைவு என்பது அவர்கள் அரசின் கணக்கு. மேலே கிளைகள் கூரை போட்டுவிடுவதால் தரையில் பட்டப்பகலில் சாயங்கால வெளிச்சம். பச்சை, பச்சைக்குப் பின்னால் இன்னொரு பச்சை, காலில் அட்டை. மகளின் காலுறையில் முதல் அட்டையைப் பார்த்தபோது அவள் போட்ட கூச்சலுக்கு இருந்த பறவையெல்லாம் போயிற்று. முழங்கால் வரை காலுறை, பேன்ட்டை அதற்குள் செருகிக்கொள்ளுங்கள். கடித்தால் வலிக்காது, ரத்தம்தான் கொஞ்ச நேரம் நிற்காது.

இரண்டாம் நாள்தான் காது திறந்தது. தலைக்கு மேல் பழைய கரி ரயில் போகிற மாதிரி 'புஸ், புஸ்' என்று ஒரு சத்தம். இருவாட்சி. இறக்கை அடிக்கிற ஓசையே அவ்வளவு. பிறகுதான் பறவை தெரிந்தது. மூன்றாம் நாள், விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் முளைத்த கன்றுகளை மகளே எண்ண ஆரம்பித்துவிட்டாள். ஒரே இரவு தங்கியிருந்தால் எங்கள் கணக்கில் அட்டை மட்டும்தான் வரவாகியிருக்கும். மரங்களுக்கு இடையே கயிற்றுப் பாலம் கட்டி நடக்க விடுகிறார்கள். பழுதுபார்ப்புக்காக அடிக்கடி மூடுவதும் உண்டு, கேட்டுக்கொண்டு போங்கள். பாத்தெக் என்ற பூர்வகுடிகளின் குடியிருப்புக்குக் கூட்டிப்போய், பிரம்பு உரசி நெருப்பு உண்டாக்கிக் காட்டச் சொல்வதும் ஒரு 'ஐட்டம்'. அதற்கு நாங்கள் போகவில்லை. நம் வீட்டு வாசலில் வேன் வந்து நின்று, அடுப்பு பற்ற வையுங்கள் என்றால் எப்படி இருக்கும்?

பாஸ்போர்ட், பணம் எல்லாம் பெரிய பேச்சு என்பவர்கள் வால்பாறைக்குப் போகலாம். ஆனைமலையில் இருப்பதும் மழைக்காடுதான். இருவாட்சியும் உண்டு, அங்கே இல்லாத சிங்கவால் குரங்கும் உண்டு, அட்டைக்கும் குறைவில்லை.

அம்மா மூன்று நாளும் ஆற்றங்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தினமும் மத்தியானத்துக்கு மேல் மழை. கொடியில் போட்ட புடவையை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். "காயவே மாட்டேங்குது" என்றார் ஒரு நாள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் கோலா லிப்பிஸ். ஒரு காலத்தில் பகாங்கின் தலைநகர். இப்போது சின்ன ஊர். கடிதத்தில் இருந்த தோட்டத்தின் பெயரை வேன் ஓட்டுநரிடம் காட்டினேன். அவரும் தமிழர், மூன்றாம் தலைமுறை. இரண்டு பேரிடம் விசாரித்துவிட்டு வந்தார். தோட்டம் கைமாறி, பெயர் மாறி, துண்டு துண்டாகி, எந்த இடம் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. வழியெல்லாம் எண்ணெய்ப்பனை, வரிசை வரிசையாக. ரப்பரை அழித்துவிட்டு வைத்தது. "நம்ம பனை மாதிரி இல்லையே, குள்ளமா இருக்குதே" என்றார் அம்மா.

ரயில் நிலையத்துக்குப் போகலாமா என்று அவரேதான் கேட்டார்.

கெமாஸிலிருந்து தும்பாட் வரை போகும் கிழக்குக் கரைப் பாதை அது. காட்டு ரயில் என்பார்கள். 1931-ல் முடித்த பாதை. சண்டைக்காலத்தில் ஜப்பானியர் இதன் தண்டவாளங்களில் பெரும்பகுதியைப் பெயர்த்தெடுத்து, சயாமிலிருந்து பர்மாவுக்கு 1942-43-ல் போட்ட 415 கி.மீ. பாதைக்குக் கொண்டுபோனார்கள். தோட்டங்களிலிருந்து தமிழர்களையும் ஆயிரம் ஆயிரமாகக் கொண்டுபோனார்கள். இதை நான் வேனிலேயே சொல்லியிருந்தேன். அம்மா பதில் பேசவில்லை. காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

பிளாட்பாரத்தில் பெஞ்சில் உட்கார வைத்தோம். வண்டி எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது பிற்பாடு போட்டதா?" என்றார். ஆமாம் என்றேன். அப்புறம் ஓட்டுநர் பக்கம் திரும்பினார்.

"சயாம் எந்தப் பக்கம் சாமி?"

"வடக்கே பாட்டி. அந்தா, அந்தப் பக்கம்."

அந்தப் பக்கம் பார்த்தார். பாதை ஒரு வளைவில் திரும்பி மரங்களுக்குள் போயிருந்தது. மடியிலிருந்து பர்ஸை எடுத்தார். அதில் பெரியம்மாவின் தாலிச்சரட்டிலிருந்து எடுத்த ஒரு குண்டுமணி இருந்ததை நான் அதுவரை அறியேன். வெளியே எடுக்கவில்லை. திறந்தார், பார்த்தார், மூடினார்.

"செரி, போலாம். பசங்க பசியா இருப்பாங்க."

லிப்பிஸ் கடைத்தெருவில் ஒரு கடையில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே அதற்கு ரொட்டி சானாய் என்று பெயர். பருப்புக் குழம்பு ஊற்றித் தந்தார்கள். அம்மா இரண்டு சாப்பிட்டார்.