வெள்ளப் படங்களைத் தேடிய கதை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை புரண்டதே, ஞாபகம் இருக்கிறதா மக்களே? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. நெல்லையில் குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கியது. (ஆற்றுக்குள்ளேயே கட்டிய கோயில், அதற்கு வெள்ளம் புதுசில்லைதான்.) நண்பர்கள் நாலு பேர் எடுத்த படங்களை அப்போது எங்கள் வேர்ட்பிரஸ் தளத்தில் ஏற்றியிருந்தோம்.

சமீபத்தில் சர்வர் மாற்ற வேண்டி வந்தது. பழையதில் ஏகப்பட்ட குப்பை. பதிவுகளில் இருக்கும் படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அழித்துவிடலாம் என்று முடிவு செய்தோம். ஒவ்வொரு பதிவாகத் திறந்து பார்க்க யாருக்குப் பொறுமை? வேர்ட்பிரஸ் ஒவ்வொரு பதிவையும் தரவுத்தளத்தில் 'போஸ்ட்ஸ்' அட்டவணையில் ஹெச்டிஎம்எல்லாகவே வைத்திருக்கும். ஆகவே ஒரு வினவல் போதும் என்று நினைத்தேன். 'லைக்' போட்டு 'ஐஎம்ஜி' உள்ள பதிவுகளைப் பிடித்து, 'சப்ஸ்ட்ரிங்_இண்டெக்ஸ்' கொண்டு 'எஸ்ஆர்சி'க்குப் பின்னால் வரும் முகவரியை வெட்டி எடுத்தேன். அரை நொடியில் பட்டியல் ரெடி. பெருமை தாங்கவில்லை :-)

புதுத் தளத்தைத் திறந்தால் வெள்ளப் பதிவில் ஒரே ஒரு படம்! சுலோச்சன முதலியார் பாலத்தில் வேடிக்கை பார்க்கும் கூட்டம். மற்றதெல்லாம் காலிக் கட்டம். நான் கொடுத்த 'மைனஸ் ஒன்று' வலது பக்கத்திலிருந்து எண்ணும். அதனால் பதிவுக்கு ஒரு படம், அதுவும் கடைசிப் படம் மட்டும்தான் சிக்கியிருக்கிறது. நல்லவேளை, பழைய சர்வரை இன்னும் அழிக்கவில்லை.

மைஎஸ்கியூஎல் 8-இல் 'ரெகெக்ஸ்ப்_சப்ஸ்ட்ர்' இருக்கிறது. எத்தனையாவது பொருத்தம் வேண்டும் என்று எண் கொடுக்கலாம். ஒன்று, இரண்டு என்று 'நல்' வரும்வரை ஓட்டினேன். எல்லாம் வந்தது, குறுக்குத்துறையைத் தவிர. அது பதிவின் முகப்புப் படம், எழுத்துக்குள் இருக்காது. 'போஸ்ட்மெட்டா'வில் 'தம்ப்னெய்ல்_ஐடி' என்ற வெறும் எண்ணாக ஒளிந்திருந்தது. அந்த எண்ணைப் பிடித்துப் போனால்தான் கோப்பின் பெயர் கிடைக்கிறது.

இன்னொரு வம்பு. பழைய திருத்தங்களையும் வேர்ட்பிரஸ் அதே அட்டவணையில்தான் வைக்கிறது. அவற்றை வடிகட்ட மறந்ததால் ஒரே படம் ஐந்து தடவை வந்தது. அதில் ஒன்று இப்போதைய பதிவிலேயே இல்லாதது. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நிற்கும் படம். ஊரே பார்க்க வேண்டாம் என்று நண்பன் அன்றைக்கே எடுக்கச் சொன்னான். எடுத்தோம், ஆனால் பதிவிலிருந்து மட்டும். கோப்பு சர்வரிலேயே கிடந்திருக்கிறது.

அழிக்கும் முன் அவனிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஓரத்துல அம்மா நிக்கா பாரு. எனக்கு அனுப்பிட்டு அழிச்சிரு."

அனுப்பிவிட்டு அழித்தேன், இந்த முறை திருத்தத்தையும் சேர்த்து.