மகாராஜாவின் பிள்ளை

திருவண்ணாமலைக்கு நான் பக்தியினால் போனேன் என்று சொன்னால் என் வீட்டாரே சிரிப்பார்கள். ஒரு மடத்திலிருந்து வந்த கடிதங்கள் நாலைந்து என் மேஜையில் பிரிக்கப்படாமல் கிடந்தன. ஒரு நாள் வேறெதையோ தேடும்போது கையில் அகப்பட்டன. படித்தேன். மறுநாள் பஸ் ஏறிவிட்டேன்.

என் பெரியப்பாவுக்குக் குழந்தை இல்லை. கல்லூரியில் நான் இருந்த இரண்டு வருஷமும் சம்பளம் கட்டியவர் அவர்தான். கடைசிக் காலத்தில் அடி அண்ணாமலையில் ஒரு சின்ன மடத்திலே, வருஷத்துக்கு ஒரு நாள் பரதேசிகளுக்குச் சோறு போடக் கட்டளை வைத்தார். முதலைக் கட்டியாயிற்று, வட்டியில் சோறு நடக்கும். “அன்னிக்கு மட்டும் ஒரு தடவை போய் நின்னுட்டு வாடா” என்றார். அது ஒன்றுதான் என் பங்கு. ஒன்பது வருஷமாக நான் போகவில்லை.

மலைக்கு மேற்கே, கிரிவலப் பாதையில் இருக்கிறது அடி அண்ணாமலை. கிருஷ்ணதேவராயர் எழுப்பத் தொடங்கிய 217 அடி ராஜகோபுரத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தவனுக்கு, இங்குள்ள கோயில் தெரிந்தவர் வீடு மாதிரி இருந்தது. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் என்பார்கள். அவர் பாண்டியனுக்கு மந்திரி; குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைக் கோயிலிலே போட்டவர். ராஜாவின் பணம் சாமியிடம் போய்ச் சேர எத்தனையோ வழி!

மடத்துக் காரியஸ்தர் பேரேட்டை எடுத்து விரித்தார். கோபிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“பெரியவர் போட்ட முதலுக்கு வர்ற வட்டி இன்னிக்கு எலை வாங்கக் காணாதுங்க. மூணு வருஷமா அந்த நாளைச் சும்மா விட்டுட்டோம்” என்றார்.

ராஜாக்களின் கதையும் இதுதானே என்று நினைத்துக்கொண்டேன். பழைய கல்வெட்டுக்களில் ‘மடப்புறம்’ என்று வருகிறதே, அது மடத்துக்காக விட்ட நிலம். விட்டவன் இருக்கிறவரையில் உலை கொதிக்கும். அப்புறம்? ஹொய்சளர் போய் விஜயநகரத்தார் வந்தார்கள். நாயக்கர், நவாபு, கும்பெனி என்று ஒருவர்பின் ஒருவர். மடத்து அடுப்பு ஒவ்வொரு தடவையும் புது எஜமானின் முகத்தைப் பார்த்தாக வேண்டியிருந்தது.

“நாளைக்கு மாசி மகம். அண்ணாமலையாரே பள்ளிகொண்டாப்பட்டுக்குத் திதி குடுக்கப் போறார். பாத்துட்டுப் போங்க” என்றார் காரியஸ்தர்.

யாருக்குத் திதி? வல்லாள மகாராஜனுக்கு. சரித்திரத்தில் அவன் மூன்றாம் வீர வல்லாளன். துவாரசமுத்திரம் டில்லிப் படைகளால் பாழான பிறகு திருவண்ணாமலையைத் தலைநகராக்கிக்கொண்ட ஹொய்சள அரசன். பெரிய கோயிலில் வல்லாள கோபுரம் அவன் பெயரில் நிற்கிறது. அருணாசல புராணம் அவனைப் பிள்ளையில்லாதவன் என்கிறது. சிவன் அடியாராக வந்து சோதித்து, இளைய ராணி சல்லமாதேவி தொட்டவுடன் குழந்தையாகிச் சிரித்து, அடுத்த கணம் மறைந்துவிட்டாராம். அழுத ராஜனுக்கு, “உன் கருமத்தை நானே செய்வேன்” என்று வாக்குக் கொடுத்தாராம்.

சரித்திரத்தில் ஒரு வேடிக்கை. வல்லாளனுக்குப் பிள்ளை உண்டு; அவனுக்குப்பின் பட்டத்துக்கும் வந்தான். பின்னே இந்தக் கதை எதற்கு? 1342-ல் மதுரைச் சுல்தானோடு நடந்த யுத்தத்தில், எண்பது வயதைத் தாண்டிய கிழவன் பிடிபட்டான். செல்வத்தையெல்லாம் கறந்துகொண்டு, அவனைக் கொன்று, தோலை உரித்து, வைக்கோல் அடைத்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டார்கள். அதைக் கண்ணால் பார்த்ததாக இபன் பதூதா எழுதியிருக்கிறான். அப்படிச் சுவரில் தொங்கியவனுக்கு எந்தப் பிள்ளை கொள்ளி வைப்பான்? ஊர் ஜனங்களுக்கு மனசு கேட்டிருக்காது, சாமியையே பிள்ளையாக்கிவிட்டார்கள். இது என் ஊகம். புலவர்கள் மன்னிக்கட்டும்.

மறுநாள் கௌதம நதிக் கரையில் நின்றேன். கூட்டத்தில் பாதிப் பேர் தங்கள் சொந்தத் தகப்பன்மாருக்காக வந்தவர்கள். தைப்பூசத்தன்று ஈசானியத் தீர்த்தத்திலிருந்து திரும்பும்போதே சுவாமிக்கு ராஜனின் சாவுச் செய்தி வந்துவிடுகிறது. மேளம் அடங்க, ஓசையில்லாமல் கோயிலுக்குப் போகிறார். இன்று திதி. தீர்த்தவாரியாகி, குருக்கள் சுவாமியின் சார்பில் காரியங்களைச் செய்தார். ஏறக்குறைய எழுநூறு வருஷத்துக் கடன். பக்கத்தில் நின்ற கிழவி ஒருத்தி, “பாவம், பெத்த புள்ளையாட்டம் வருசம் தவறாம வர்றாரே!” என்றாள். சுவாமியைப் பார்த்துத்தான் சொன்னாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

மத்தியானம் மடத்துக்குத் திரும்பிப் போய், பையில் பஸ் சார்ஜை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்தேன். மீதியை அனுப்புவதாகச் சொன்னேன். காரியஸ்தர் ரசீதுப் புத்தகத்தை எடுத்து, பெரியப்பாவின் பெயரை எழுதினார்.

“செலுத்துறவர் என்ன உறவுன்னு போடட்டுங்க? தம்பி மகன்தானே?”

“மகன்னு போடுங்க” என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு எழுதிக் கிழித்துக் கொடுத்துவிட்டு, “சாப்பிட்டுப் போங்க, எலை போட்டாச்சு” என்றார்.