ஜெலாப்பாங்கிலிருந்து பத்தாங் காலிக்கு

ஜெலாப்பாங் என்றதும் நேயர்களுக்கு நெடுஞ்சாலையில் முன்பிருந்த டோல்தான் நினைவுக்கு வரும். ஈப்போவுக்கு வடக்கு வாசல் போன்ற ஊர். மேற்கே கிளேடாங் மலை. ஊருக்குள்ளே சீனர்களின் கம்போங் பாரு. 1950 முதல் பிரிட்டிஷார் காட்டோரத்தில் வாழ்ந்த ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரைப் பெயர்த்தெடுத்து, கம்பிவேலி போட்ட புதுக்கிராமங்களில் குடிவைத்தார்கள்.

நம் தோட்டத்து லயங்களுக்கும் அப்போது வேலி போட்டார்கள். பால்வெட்டுக்குப் போகிறவர்களை விடியற்காலையில் நிறுத்திச் சோதனை போட்டு, ஒரு பிடி அரிசிகூட வெளியே போகாமல் பார்த்த கதையை என் பாட்டி சொல்வார். பட்டாளத்து லோரிச் சத்தம் கேட்டால் அவருக்குக் கடைசிவரை கை நடுங்கியது. "ஆம்பிளையள தனியா நிறுத்துனாங்கன்னா அம்புட்டுதான்யா" என்பார். அவர் மறைந்த பிறகு, பத்தாங் காலியை ஒருமுறை பார்த்து வரலாமென்று புறப்பட்டேன்.

ஈப்போவில் ரயிலேறி, தஞ்சோங் மாலிமில் கொமுட்டர் மாறினால் பத்தாங் காலி. பக்கத்து உலு யாம் பாருவுக்கு லோமீ சாப்பிடவே கோலாலம்பூர்க்காரர்கள் காரெடுத்து வருகிறார்கள். நிற்க.

1948 டிசம்பர் 11 மாலை, ஸ்காட்ஸ் கார்ட்ஸ் சிப்பாய்கள் இங்குள்ள சுங்கை ரிமோ ரப்பர் தோட்டத்துக்கு வந்தார்கள். ஆண்களைப் பெண்டு பிள்ளைகளிடமிருந்து பிரித்து அடைத்தார்கள். அன்றே ஓர் இளைஞர் சுடப்பட்டார். மறுநாள் காலை பெண்களையும் பிள்ளைகளையும் லோரியில் ஏற்றிய பின், ஆண்களை வெளியே நடத்திச் சென்று மேலும் 23 பேரைச் சுட்டார்கள். மயங்கி விழுந்த ஒருவர் மட்டும் பிழைத்தார். யார் கையிலும் ஆயுதமில்லை. வீடுகளுக்கும் தீ வைத்தார்கள்.

"தப்பியோடினார்கள், சுட்டோம்" என்றது பட்டாளம். அரசாங்கமும் அதையே சொன்னது. 1970-இல் லண்டன் 'பீப்பிள்' பத்திரிகையிடம் முன்னாள் சிப்பாய்கள் சிலர், யாரும் ஓடவில்லை என்று சத்தியம் செய்து சொன்னார்கள். பாதுகாப்பு அமைச்சர் டெனிஸ் ஹீலி விசாரணையைத் தொடங்கி வைத்தார். அவ்வாண்டே ஆட்சி மாறியது, விசாரணையும் நின்றது. இறந்தவர்களின் குடும்பத்தார் லண்டன் உச்ச நீதிமன்றம் வரை சென்றார்கள். புதிதாய் விசாரிக்க அரசாங்கத்துக்குச் சட்டக் கடமை இல்லையென்று 2015 நவம்பரில் தீர்ப்பாயிற்று.

சுட்டவன் "உத்தரவு" என்கிறான். இந்தப் பேச்சு நமக்குப் புதிதா? கங்காணியைக் கேட்டால் கிராணியைக் காட்டுவார், கிராணி துரையைக் காட்டுவார், துரை லண்டனைக் காட்டுவார். சுட்டவன் பாவம் சுட்டவனுக்கு உண்டு, அதை நான் குறைக்கவில்லை. ஆனால் என் கோபமெல்லாம், "ஓடினார்கள்" என்று எழுதிக் கோப்பை மூடி வைத்தவர்கள்மேல்தான். பையன்களில் சிலராவது இருபது வருஷங் கழித்து வாய் திறந்தார்களே!

எங்கள் ஜெலாப்பாங்குக்கு வடக்கே சுங்கை சிப்புட்டில், 1948 ஜூன் 16-இல் காட்டிலிருந்தவர்கள் மூன்று வெள்ளைக்காரத் துரைமாரைச் சுட்டதும் கொலையேதான். அதற்கு இரண்டே நாளில் நாடு முழுவதும் அவசரகாலம் வந்தது.

உலு யாம் பாரு சீன மயானத்தில் ஒரு மூதாட்டி ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தார். எங்கிருந்து வருகிறேன் என்று மலாயில் கேட்டார். ஈப்போ, ஜெலாப்பாங் என்றேன். என் பாட்டியும் ரப்பர் மரம் வெட்டியவர்தான் என்றேன். கற்றையிலிருந்து மூன்று வத்தியை உருவி என் கையில் கொடுத்தார்.