இடம் இருக்கிறதா?

“அம்மா, ‘தேர் இஸ் நோ ரூம்’ என்றால் என்ன?” என்று கேட்டாள் என் மகள். பதிலுக்குக் காத்திராமல், “அறை இல்லை” என்று நோட்டில் எழுதியும் விட்டாள்.

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தோம். 2013-ல் இந்தப் பாதை திறந்த பிறகு, பஸ்ஸில் இடிபடும் வேலை எங்களுக்கு மிச்சம். இருபுறமும் மரவள்ளிக் காடுகள், நீள நீளமான கோழிப் பண்ணைகள். மல்லூரில் கூடையோடு ஏறிய ஒரு கிழவியைப் பார்த்து, “இப்படி உக்காருங்க” என்று என் மாமியார் ஒடுங்கிக்கொண்டார்.

“இதுவும் ‘ரூம்’தான்” என்றேன் மகளிடம். “இங்கிலீஷில் நாலு சுவரும் ரூம்; நகர்ந்து கொடுக்கிற இடமும் ரூம்; தவறைத் திருத்திக்கொள்ள இருக்கும் வாய்ப்பும் ரூம்!”

சொல்லிவிட்டேனே தவிர, நெஞ்சில் ஒரு முள். அப்பா போன பிறகு அம்மா நாமக்கல்லில் தனியாக இருக்கிறாள். கூப்பிடும்போதெல்லாம், “உன் வீடே ரெண்டு ரூம். எனக்கு எங்கே கண்ணு இடம்?” என்பாள். மாமியாரிடம் கேட்க எனக்குத் துணிவில்லை.

நாமக்கல்லில் ஊர் நடுவே 200 அடிக்கு மேல் எழும்பி நிற்கிறது ஒற்றைப் பாறை. அடிவாரத்துக் கோயில் வாசலில் அம்மா காத்திருந்தாள். முதலில் ஆஞ்சநேயர். 18 அடி உயரம். மேலே கூரையே கிடையாது. எதிரே இருக்கும் நரசிம்மரைக் கைகூப்பியபடி, வெயிலிலும் மழையிலும் நிற்கிறார்.

“இவருக்கு ரூமே இல்லையே!” என்றாள் மகள்.

“யாருக்கும் இடைஞ்சல் இல்லாம வெளியிலேயே நின்னுட்டார், கண்ணு” என்றாள் அம்மா. எனக்குச் சுருக்கென்றது.

மலையின் மேற்குப் பக்கத்தில் நரசிம்மர் கோயில். இடமே இல்லாத பாறையைக் குடைந்து, எட்டாம் நூற்றாண்டில் இடம் உண்டாக்கியிருக்கிறார்கள். சுவரிலே காலைத் தூக்கி உலகளந்து நிற்கிறார் திரிவிக்கிரமர். பேத்திக்குக் கதை சொன்னார் மாமியார்: “மூணாவது அடி வைக்க இடமில்லை. மாவலி தன் தலையைக் காட்டினான்.”

பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

“சம்பந்தியம்மா, நான் தலையெல்லாம் தரமாட்டேன். என் ரூமிலே பாதி தர்றேன். வாங்க!”

அம்மா சிரித்தாள். முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். “யோசிக்கிறேனுங்க” என்றுதான் சொன்னாள்.

ஆனால் எங்களை வழியனுப்ப வந்தவள், காலையில் சேலம் வண்டி எத்தனை மணிக்கு என்று ஸ்டேஷனில் விசாரித்தது என் காதில் விழுந்தது.