தள்ளினாலும் நகராத கார்... மூன்றாம் மாடி மாமிக்கு டயாலிசிஸ் நாள்!

செவ்வாய்க்கிழமை, காலை 5:10 மணி. விடாமல் காலிங் பெல் சத்தம். கண்ணைக் கசக்கிக்கொண்டு கதவைத் திறந்தால், மூன்றாம் மாடி மாமா நிற்கிறார். கையில் ஃபிளாஸ்க், தோளில் பை.

"தொந்தரவு பண்றேன்மா. உங்க கார் கதவு திறக்கலையாம். வாட்ச்மேன் சாவியை அமுக்கி அமுக்கிப் பார்த்துட்டார். கொஞ்சம் கீழ வரியா?"

அரைத் தூக்கத்திலும் சட்டென்று உறைத்தது. செவ்வாய், வியாழன், சனி... மாமிக்கு டயாலிசிஸ். அடையாறில் 6 மணிக்கு மிஷினில் உட்கார வேண்டும். மாமாவின் காருக்குப் பின்னால், வழியை அடைத்துக்கொண்டு நிற்பது எங்கள் கார்.

மயிலாப்பூர் ஃபிளாட்வாசிகளுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாட வீதிகளிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கும் எங்கள் பழைய கட்டடத்தில் 12 வீடுகள். தரைத்தளத்தில் தூண்களுக்கு நடுவே கார்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். உள்ளே இருப்பவர் வெளியே வர, பின்னால் இருப்பவர் வழிவிட வேண்டும். அதற்கென்று ஒரு எழுதாத சட்டம் உண்டு. பின்னால் நிறுத்துபவர் வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டுப் போக வேண்டும். சமதளம்தான். வாட்ச்மேன் அண்ணா ஒற்றை ஆளாகத் தள்ளிவிடுவார். எங்கள் பழைய காரை அப்படி எத்தனை முறை தள்ளியிருப்பார் என்று கணக்கே இல்லை.

நாலு வருடங்களுக்கு முன் அப்பா புதுக் கார் வாங்கினார். அதில் ஹேண்ட் பிரேக் நெம்புகோல் கிடையாது. அந்த இடத்தில் விரல் அகலத்துக்கு ஒரு சுவிட்ச். இன்ஜினை அணைத்தால் பிரேக் தானாகவே விழுந்துவிடும். அதனால் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்தோம்: சாவியை வாட்ச்மேன் அண்ணாவிடம் கொடுத்துவிடுவது. நாலு வருடமும் பிரச்னை வரவில்லை. அன்று வந்தது.

அப்பாவும் அம்மாவும் அக்கா பிரசவத்துக்காகக் கோவை போய் 11 நாள்கள் ஆகியிருந்தன. நான் ஆபீஸுக்கு ஸ்கூட்டரில் போகிறவள். காரை யாரும் தொடவே இல்லை.

ஐந்து பேர் தள்ளியும் அசையவில்லை!

ரிமோட் வேலை செய்யவில்லை. அதன் உள்ளே ஒளிந்திருந்த சின்ன இரும்புச் சாவியை இழுத்துக் கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு விளக்குகூட எரியவில்லை. ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் 'டிக்' சத்தம்கூட இல்லை. பார்க்கிங் பிரேக் சுவிட்சை அழுத்தினேன், இழுத்தேன், திரும்ப அழுத்தினேன். பேட்டரி சுத்தமாகச் செத்திருந்தது.

கியர் வண்டிதான். நியூட்ரலில் போட்டேன். நான், வாட்ச்மேன் அண்ணா, பால்காரர், பேப்பர் போடும் தம்பி, முடியாத வயதில் மாமாவும் சேர்ந்து தள்ளினோம். பின்சக்கரம் இரண்டும் தரையில் ஆணி அடித்த மாதிரி நின்றன.

ஜம்பர் கேபிள் டிக்கியில் இருந்தது. டிக்கி கதவோ கரன்ட்டில் திறப்பது! பின்சீட்டை மடக்கி, உள்ளே தவழ்ந்துபோய்க் கேபிளை எடுத்து வந்தபோது மணி 5:30.

ஆப்பில் டாக்ஸி தேடினோம். இரண்டு டிரைவர்கள் அடுத்தடுத்து கேன்சல் செய்தார்கள். லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காகப் போட்ட தடுப்புகளைத் தாண்டி எங்கள் தெருவுக்குள் வர யாருக்கும் மனசில்லை. வாட்ச்மேன் அண்ணா ஓடிப்போய் தெருமுனை ஆட்டோவைக் கூட்டி வந்தார்.

மாமி எதுவும் சொல்லவில்லை. ஆட்டோவில் ஏறும்போது கம்பியைப் பிடித்த அவர் கையைப் பார்த்தேன். ஊசி போட்டுப் போட்டு நரம்பு புடைத்த கை. எனக்குத் தொண்டை அடைத்தது.

மாமா தன் கார் சாவியை என்னிடம் நீட்டினார். "போறதுக்கு ஆட்டோ போதும்மா. வரும்போதுதான் கஷ்டம். பிரஷர் இறங்கிடும், உட்கார முடியாது, பின்சீட்டுல படுத்துண்டுதான் வருவா. பத்து, பத்தரைக்கு முடிஞ்சுடும். அதுக்குள்ள என் வண்டியை எடுத்துண்டு வந்துடுவியா?"

"வந்துடறேன் மாமா" என்றேன். எப்படி என்று தெரியாமல்தான் சொன்னேன்.

முறுக்கு அச்சு ரகசியம்

ஆறரை மணிக்கு, பக்கத்து வரிசையில் கார் நிறுத்தியிருக்கும் இரண்டாம் மாடி அக்காவை எழுப்பினேன். இரண்டு பேரும் வீடியோ பார்த்துக் கேபிளை மாட்டினோம். டேஷ்போர்டு ஒரு நொடி மினுக்கி, அணைந்துபோனது. நாலு முறை முயற்சி செய்தும் அதே கதை. கடைசியில், மந்தைவெளியில் அப்பா வழக்கமாகப் போகும் பேட்டரி கடை அண்ணாவுக்குப் போன் செய்தேன். எட்டரை மணிக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

பானெட்டைத் திறந்ததும் சிரித்தார். "டெர்மினல்ல பார்த்தியாம்மா, உப்புப் பூத்திருக்கு. இதுமேல கிளிப் போட்டா கரன்ட் எப்படிப் போகும்?" மீட்டரை வைத்தார். 9.4 வோல்ட். நல்ல பேட்டரி ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12-க்குக் கீழே போனாலே கிட்டத்தட்ட காலி என்று அர்த்தமாம்.

அவர் பிரஷ்ஷால் டெர்மினலைத் தேய்க்கும்போது கேட்டேன்: "கரன்ட் இல்லேன்னா பிரேக் விட்டுடணும்தானே அண்ணா? ஏன் இன்னும் பிடிச்சுக்கிட்டு இருக்கு?"

"வீட்ல திருகு வெச்ச முறுக்கு அச்சு இருக்காம்மா? கைப்பிடியைச் சுத்தினா மாவு கீழ இறங்கும். கையை எடுத்துட்டா அது தானா மேல வருமா? வராது. நீதான் திருப்பிச் சுத்தணும். இதுவும் அதேதான்."

எங்கள் காரில் பின்சக்கர பிரேக் ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி மோட்டார் இருக்கிறது. சுவிட்சைத் தட்டியதும் அது ஒரு திருகைச் சுற்றும். திருகு பிஸ்டனைத் தள்ள, பிரேக் பேடுகள் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும். அதன்பின் கரன்ட் தேவையே இல்லை. திருகு தானாகப் பின்வாங்காது. இது கோளாறு அல்ல, பாதுகாப்பு. இல்லாவிட்டால் மேட்டில் நிறுத்திய கார், பேட்டரி தீர்ந்த நேரம் பார்த்து உருண்டுவிடும். ஆனால், திருகைத் திருப்பிச் சுற்றவும் அதே மோட்டாருக்குக் கரன்ட் வேண்டும். 2001-ல் வந்த பி.எம்.டபிள்யூ 7 சீரிஸ் போன்ற விலையுயர்ந்த கார்களில் இருந்த இந்த வசதி, இப்போது நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும் கார்களிலும் வந்துவிட்டது. விற்கும்போது சுவிட்சைக் காட்டுகிறார்கள். பேட்டரி போனால் என்ன ஆகும் என்று அப்பாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பிரேக் விட்ட சத்தம்

அண்ணா முதலில் செய்தது, முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்ததுதான். "பிரேக் விடுபட்டதும் வண்டி எந்தப் பக்கம் உருளும்னு தெரியாது. பின்னாடி யாரும் நிக்காதீங்க" என்றார். பிறகு, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே மாட்டினார்.

அக்காவின் கார் இன்ஜின் ஆஃப். சிவப்பு கிளிப் முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில். அதன் மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு கிளிப் நல்ல பேட்டரியின் மைனஸில். கறுப்பின் மறுமுனையை மட்டும் செத்த பேட்டரியில் மாட்டாமல், கொஞ்சம் தள்ளி, எங்கள் இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஓர் இரும்புப் பகுதியில் மாட்டினார். பேட்டரியிலிருந்து எரியக்கூடிய வாயு வெளியேறலாம், கடைசி கிளிப் மாட்டும்போது பொறி பறக்கும், அதனால்தான் அந்த இடைவெளி. கழற்றும்போது இதே வரிசை தலைகீழாக.

அக்காவின் காரை ஸ்டார்ட் செய்து 10 நிமிடம் ஓடவிட்டோம். அடுத்து அண்ணா சொன்னதுதான் எனக்குப் புதுச் செய்தி.

"உங்க வண்டி ஸ்டார்ட் ஆகணும்னுகூட இல்லைம்மா. மோட்டார் சுத்தற அளவுக்குக் கரன்ட் வந்தா போதும். இக்னிஷனை மட்டும் ஆன் பண்ணு. கால் பிரேக்கை நல்லா மிதி. இப்போ சுவிட்சைக் கீழ அமுக்கு."

அமுக்கினேன். பின்னாலிருந்து 'கிர்ர்ர்' என்று ஒரு சின்ன சத்தம். சிவப்பு விளக்கு அணைந்தது. வாட்ச்மேன் அண்ணா தன்னையறியாமல் கை தட்டினார்.

இன்ஜினும் அடுத்த முயற்சியிலேயே பிடித்துக்கொண்டது. ஆனால், டேஷ்போர்டில் பார்க்கிங் பிரேக்குக்கான மஞ்சள் விளக்கு மட்டும் போகவில்லை. வோல்டேஜ் அடியோடு இறங்கினால் அந்த சிஸ்டம் குழம்பிப்போகுமாம். மேனுவலைப் புரட்டி, அதில் சொன்னபடி பிரேக்கைப் போட்டுப் போட்டு எடுத்ததும் அணைந்தது. காருக்குக் கார் இந்த முறை மாறும், அணையவே இல்லை என்றால் சர்வீஸ் சென்டர்தான் என்றார் அண்ணா.

திருடன் யாரென்றும் அவரே கண்டுபிடித்தார். போன தீபாவளிக்கு அப்பா ஆசையாக மாட்டிய டேஷ் கேமரா! கார் நின்ற பிறகும் 'காவல்' காப்பதற்காக 11 நாளும் பேட்டரியை உறிஞ்சியிருக்கிறது. நாலு வருடப் பழைய பேட்டரிக்கு அது தாங்கவில்லை.

எங்கள் காரைத் தெருவில் நிறுத்தி, மாமாவின் காரை எடுத்தபோது மணி 9:35. மந்தைவெளி வழியாக, கிரீன்வேஸ் சாலை தாண்டி, அடையாறு பாலத்தில் ஏறும்போதுதான் மூச்சே சரியாக வந்தது. 10:10-க்கு ஆஸ்பத்திரி வாசல்.

நீங்களும் செய்து வையுங்கள்

உங்கள் காரிலும் லீவருக்குப் பதில் சுவிட்ச் இருக்கிறதா? அண்ணா சொன்னதையும், பிறகு நான் மேனுவலில் படித்ததையும் சேர்த்துத் தருகிறேன்.

* ரிமோட்டுக்குள் இருக்கும் இரும்புச் சாவியை இன்றே ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சாவித் துவாரத்தைச் சில கார்களில் மூடி மறைத்திருக்கும்.

* ஜம்பர் கேபிளையோ, சின்ன ஜம்ப் ஸ்டார்ட்டரையோ டிக்கியில் வைக்காதீர்கள். முன்சீட்டுக்கு அடியிலோ, வீட்டிலோ இருக்கட்டும்.

* பின்சக்கரம் பூட்டிய காரைக் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். டயர் தேய்ந்துபோகும். மொத்த வண்டியையும் மேலே ஏற்றிச் செல்லும் லாரியைக் கேளுங்கள்.

* ஊருக்குப் போகிறீர்களா? கேமரா, சார்ஜர்களைக் கழற்றிவிடுங்கள். வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது யாராவது ஓட்டட்டும்.

* ஆட்டோமேட்டிக் கார் என்றால், பேட்டரி போனால் 'P'-யிலிருந்து கியர் லீவரும் நகராமல் போகலாம். அதை விடுவிக்கும் வழி உங்கள் காரில் எங்கே இருக்கிறது என்று மேனுவலில் பார்த்து வையுங்கள்.

* மழைக்காலத்துக்கு முன் பேட்டரியைச் சோதியுங்கள். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றது நினைவிருக்கும். தண்ணீர் தெருமுனைக்கு வந்த பிறகு, கார் நகராது என்று தெரிந்து பயனில்லை.

அன்று மாலையே புது பேட்டரி மாட்டியாகிவிட்டது. கேமராவின் 'காவல்' வேலைக்கும் விடுமுறை கொடுத்தாகிவிட்டது. ஆனால், உண்மையான ரிப்பேர் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் நடந்தது.

கோவையிலிருந்து திரும்பிய அப்பா, நேராக மாமா வீட்டுக்குப் போனார். "இனிமே நாங்க உள்ள நிறுத்திக்கறோம் சார். நீங்க பின்னாடி நிறுத்துங்க. உங்களோடது லீவர் வண்டி, தேவைப்பட்டா தள்ளிக்கலாம். வாரத்துல மூணு நாள் விடிகாலைல கிளம்பறவர் எதுக்கு உள்ள நிக்கணும்?"

இவ்வளவு எளிய விஷயம் நாலு வருடமாக எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. பத்திரத்தில் எந்த இடம் யாருக்கு என்று எழுதியிருக்கிறதோ, அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.

வியாழக்கிழமை விடிகாலையில் மாமாவின் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. யாரும் பெல் அடிக்கவில்லை. புரண்டு படுத்துத் தூங்கிவிட்டேன்.