கோழிக்கூட்டின் மேல் ஒரு சூரியத் தகடு

மட்டக்களப்பிலிருந்து வாகரைக்குப் போகும் பஸ் பனிச்சங்கேணிப் பாலத்தில் ஏறியதும் இரு பக்கமும் தண்ணீர்தான். வாவியில் பட்ட வெயில் கண்ணைக் கூச வைக்கும். யுத்தத்தால் 2006, 2007 ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்த மக்கள் திரும்பி வந்து குடியேறிய ஊர்கள் இவை.

தனியே பிள்ளைகளை வளர்க்கும் ஓர் அக்காவின் வீட்டுக்கு வேலை நிமித்தம் போயிருந்தேன். அவருடைய கோழிக்கூட்டுக்குக் கூரையாக ஒரு சூரியத் தகடு கிடந்தது. கரண்ட் வராத காலத்தில் தவணைக்கு வாங்கியதாம்.

"மூணு வருசத்தில லைற் நிண்டு போச்சு தங்கச்சி. கடன் மட்டும் நிக்கல்ல" என்றார்.

மின்வேலை தெரிந்த தம்பி ஒருவர் தகட்டைத் துடைத்து, மீற்றர் பிடித்துப் பார்த்தார். தகட்டில் பிழையில்லை, பற்றரிதான் பழுது. விற்றவர்கள் இந்த வித்தியாசத்தை அக்காவுக்குச் சொல்லவேயில்லை. நானும் அன்றுதான் அறிந்துகொண்டேன்.

தகட்டுக்குள் இருப்பது சிலிக்கன். வெளிச்சம் பட்டதும் அதிலுள்ள இலத்திரன்கள் நகர்ந்து நேரோட்ட மின்சாரம் உண்டாகிறது. தேய்கிற பாகம் எதுவும் அதில் இல்லை. அதனால் 25 வருடம்வரை உழைக்கும். இரவுக்காக மின்சாரத்தைச் சேமிக்கும் ஈய அமிலப் பற்றரியோ சில வருடங்களிலேயே பழுதாகும். உப்புத்தூசியும் காக்கை எச்சமும் படிந்தால் மின்சாரம் குறையும். தண்ணீரால் கழுவினாலே போதும்.

இங்கிருந்து வடக்கே போனால் மூதூருக்கு அருகே சம்பூர் வரும். அங்கே முதலில் அமையவிருந்தது நிலக்கரி மின்நிலையம். 2016 இல் அது கைவிடப்பட்டது. பின்னர் 2025 ஏப்ரல் 5 அன்று சூரிய மின்நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இத்தகைய நிலையத்திலும் வேலை செய்வது இதே வகைத் தகடுதான். நேரோட்டத்தை இன்வேட்டர் ஆடலோட்டமாக மாற்ற, அது மின்கம்பிகளில் ஊருக்குப் போகும்.

வீட்டுக் கூரையிலிருந்தும் அப்படி அனுப்பலாம். ஒரு கிலோவாற்றுத் தகடு நல்ல வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிற் தரும். பற்றரி தேவையில்லை. ஆனால், பற்றரி இல்லாத சாதாரண இணைப்பில் ஊரில் கரண்ட் நின்றால் அதுவும் நின்றுவிடும்.

சகோதரிகளே, தவணைக்குக் கையெழுத்து வைக்குமுன் கேளுங்கள்: தகட்டுக்கு எத்தனை வருட உத்தரவாதம்? பற்றரிக்கு எத்தனை? கடன் முடியுமுன் பற்றரி பழுதானால் யார் பொறுப்பு? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அக்கா புதிய பற்றரிக்குச் சீட்டுக் கட்டுகிறார். தோட்டத்துக் கொட்டிலுக்கு ஒரு லைற் வேண்டுமாம். கோழிக்கூட்டுக்கு இப்போது கிடுகு வேய்ந்திருக்கிறது.