பேப்பர் போட்டவரின் லீவு

ஒருவர் பேப்பர் போட்டுவிட்டார், அதாவது ராஜினாமா கொடுத்துவிட்டார் என்றால் அன்று மாலைக்குள் அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிடும். மறுநாளும் அவர் அதே நாற்காலியில்தான் உட்காருகிறார். கழுத்தில் அதே அடையாள அட்டை, சம்பளத்தில் அதே பி.எஃப். பிடித்தம். ஆனால் ஒரு நாள் லீவு கேட்டால் மட்டும் பதில் மாறிவிடுகிறது. போன மாதம் வரை “போயிட்டு வாங்க” என்று சொன்ன மேலாளர், இப்போது “ஹெச்.ஆர். கிட்ட கேட்டுச் சொல்றேன்” என்கிறார். ஹெச்.ஆரிடமிருந்து வரும் பதில் பெரும்பாலான இடங்களில் ஒன்றுதான்: நோட்டீஸ் பீரியடில் லீவு கிடையாது, எடுத்தால் அத்தனை நாள் நோட்டீஸ் நீளும்.

இது நியாயமில்லை என்று உறுதியாக நினைக்கிறேன். என் வேலைக்காலம் சம்பளப் பட்டியலோடும், வேலையை விட்டுப் போகிறவர்களின் கணக்கை முடித்துக் கொடுப்பதோடும் கழிந்தது. முதலில் சென்னை அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸ், பிறகு ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் சம்பளப் பிரிவு. ராஜினாமா செய்தவர் எத்தனை பேரிடம் கையெழுத்து வாங்கினாலும் கடைசியில் வந்து நிற்பது எங்கள் மேசை முன்னால்தான். அப்படி வந்து நின்றவர்களைப் பார்த்துப் பார்த்து உண்டான கருத்து இது.

தொழிற்சாலையில் டர்னர்களும் ஃபிட்டர்களும் தங்களுக்கு ஈ.எல்., அதாவது ஈட்டிய விடுப்பு, எத்தனை நாள் பாக்கி என்பதை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். நாங்கள் ரிஜிஸ்டரைப் புரட்டுவதற்குள் சொல்லிவிடுவார்கள், பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஷிஃப்ட் மாறி மாறி நின்று சேர்த்த நாட்கள் அவை, மறக்குமா? எனக்கு வேலை பழக்கிய மூத்த கிளார்க்கின் டிராயரில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப் புத்தகம் ஒன்று அட்டை கிழிந்து கிடக்கும். அதில் 79-ஆம் பிரிவு முழுக்கப் பென்சில் கோடு. “தம்பி, இந்தப் பக்கத்தைப் படிச்சிட்டு அப்புறம் ரிஜிஸ்டரைத் தொடுங்க” என்றார் என்னிடம்.

அந்தப் பிரிவு சொன்னது எளிமையான கணக்கு. ஓர் ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு, செய்த ஒவ்வொரு 20 நாள் வேலைக்கும் சம்பளத்தோடு ஒரு நாள் விடுப்பு. முதலாளி மனமிரங்கிக் கொடுக்கும் சலுகை என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. இருபது நாள் உழைப்புக்கான கூலியில் ஒரு பங்கு, கையில் வராமல் நாளாகச் சேர்ந்து நிற்கிறது. அதனால்தான் தொழிலாளி தானாக விலகினாலும், நீக்கப்பட்டாலும், வேலையில் இருக்கும்போதே இறந்துபோனாலும், எடுக்காத விடுப்புக்கு உரிய பணத்தை அவருக்கோ அவர் வாரிசுக்கோ கொடுக்கச் சொன்னது சட்டம். 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது 240 நாள் என்பது 180 நாளாகக் குறைந்தது. இருபதுக்கு ஒன்று என்ற கணக்கு அப்படியே தொடர்கிறது.

அதே 79-ஆம் பிரிவின் கடைசிப் பகுதியில் இன்னொரு வரி இருந்தது. மூத்தவர் அதன் கீழ் இரட்டைக் கோடு போட்டிருந்தார். ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதற்கு முன் தரவேண்டிய நோட்டீஸைக் கணக்கிடும்போது, அவர் எடுக்காமல் வைத்திருக்கும் விடுப்பை அதில் சேர்த்துக்கொள்ளக் கூடாது. “உனக்கு ஒரு மாத நோட்டீஸ், அதில் இருபது நாள் உன் லீவு” என்று சொல்லி ஆளை அனுப்பிவிட முடியாது. நோட்டீஸ் ஒரு கணக்கு, விடுப்பு இன்னொரு கணக்கு; ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தின்னக் கூடாது. முதலாளி அனுப்பும்போது பொருந்தும் இந்த நியாயம், தொழிலாளி தானே போகும்போதும் பொருந்த வேண்டும் என்பதே என் கட்சி.

ஓ.எம்.ஆருக்கு வந்த பிறகு சட்டம் வேறாயிற்று. கண்ணாடிக் கட்டடங்களில் கணினி முன் உட்காருகிறவர்களுக்கும் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 பொருந்தும் என்றால் இளைஞர்கள் பலர் நம்பமாட்டார்கள். கடைப் பையன்களுக்கான சட்டம் என்று நினைத்திருப்பார்கள். அதன் 25-ஆம் பிரிவின்படி, 12 மாதம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு அடுத்த 12 மாதத்தில் 12 நாள் சம்பளத்தோடு விடுமுறை. 24 நாள் வரை சேர்த்துவைக்கலாம். இது தவிர, நோய்க்கு ஆண்டுக்கு 12 நாள் வரை விடுப்பு, நியாயமான எந்தக் காரணத்துக்கும் 12 நாள் வரை தற்செயல் விடுப்பு. பேப்பர் போட்டவருக்கு இது கிடையாது என்று அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. கடைசி வேலைநாள் வரை அவர் ஊழியர்தான்.

மென்பொருள் துறையில் நோட்டீஸ் 90 நாள் என்பது இன்று சாதாரணம். மூன்று மாதம்! அந்த மூன்று மாதத்தில் ஒருவர் வீட்டில் காய்ச்சல் வராதா, கல்யாணம் வராதா, சாவு வராதா? ஒரு மாத நோட்டீஸ் இருந்த காலத்தில் “கொஞ்சம் பொறுத்துக்கோங்க” என்று கேட்டதில் ஓர் அர்த்தம் இருந்தது. கால் வருஷத்துக்கு ஒரு மனிதனை லீவே இல்லாமல் உட்காரவைப்பது வேறு விஷயம். அதுவும் வேலைக்காகவா என்றால், அதுவும் இல்லை. முதல் சில வாரத்தில் கே.டி., அதாவது வேலையைக் கற்றுக்கொடுத்து ஒப்படைப்பதை, முடித்துவிடுவார்கள், அடுத்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டும் விடுவார். புது வேலை எதையும் போகிறவர் கையில் கொடுக்கமாட்டார்கள். மீதி நாட்களில் அவர் வருவதும் போவதும் கதவில் கார்டு தேய்ப்பதற்காக மட்டுமே. அப்படி ஒருவர் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருக்கும்போதுதான், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க ஒரு நாள் கேட்டால் கொள்கை குறுக்கே வருகிறது.

திருமங்கலம் பக்கத்துப் பையன் ஒருவரின் கணக்கை நான் முடித்தேன். நோட்டீஸில் இருக்கும்போது அவருடைய அப்பா தவறிவிட்டார். சாவுக்குப் போனதை யாரும் தடுக்கவில்லை. குழுவில் எல்லோரும் ஆறுதலாகத்தான் பேசினார்கள். ஊரிலிருந்து திரும்பி வந்தவர் பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுபடி லீவு கேட்டார். மூத்த மகன், அவர்தான் செய்ய வேண்டும். “புரியுதுப்பா, ஆனா பாலிசி அப்படி இருக்கு. எடுத்தா எல்.ஓ.பி. ஆகும், எல்.டபிள்யு.டி. தள்ளிப்போகும்” என்றார் மேலாளர். எல்.ஓ.பி. என்றால் சம்பளமில்லா விடுப்பு, எல்.டபிள்யு.டி. என்றால் கடைசி வேலைநாள். கெட்ட மனிதரில்லை, அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார். கடைசி நாள் தள்ளிப்போனால் புது கம்பெனியில் சேரும் தேதி தவறும். அந்தத் தேதியை ஏற்கெனவே ஒருமுறை மாற்றி வாங்கியிருந்தார் பையன். கடைசியில் காரியத்துக்குப் போனார். சம்பளம் பிடிக்கப்பட்டது. அவர் கணக்கில் ஈ.எல். நிறையவே இருந்தது.

இதில் பலர் கவனிக்காத இன்னொரு அநியாயம் இருக்கிறது. சம்பளம் போடுகிறவர்களுக்குத்தான் அது தெரியும். எல்.ஓ.பி. பிடிக்கும்போது மொத்தச் சம்பளத்தில் ஒரு நாளைப் பிடிக்கிறார்கள். எடுக்காத ஈ.எல்.லுக்குப் பணம் கொடுக்கும்போது பெரும்பாலான நிறுவனங்கள் பேசிக் சம்பளத்தில் மட்டும் கணக்கிடுகின்றன. மாதம் 60,000 ரூபாய் வாங்குகிறவருக்கு பேசிக் 24,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். லீவு மறுக்கப்பட்டு அவர் வராமல் போன ஒரு நாளுக்கு 2,000 ரூபாய் போகிறது. மறுக்கப்பட்ட அதே நாள் கணக்கில் மீந்து, கடைசியில் 800 ரூபாயாகத் திரும்புகிறது. ஒரே மனிதர், ஒரே நாள், இரண்டு விலை. அந்தப் பையனின் செட்டில்மென்ட் தாளில் இரண்டு வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. தாளை வாங்கிப் பார்த்தவர் ஒன்றும் கேட்கவில்லை. ரிலீவிங் லெட்டர் கைக்கு வந்தால் போதும் என்றிருந்தார்.

எல்லாப் பயமும் அந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது. அது இல்லாமல் அடுத்த கம்பெனி உள்ளே விடாது, பின்னணிச் சரிபார்ப்பில் முதலில் கேட்பதே அதைத்தான். மனமில்லாத ஒருவரை வந்து வேலை செய்தே ஆகவேண்டும் என்று நம் நாட்டில் எந்த நீதிமன்றமும் உத்தரவிடுவதில்லை. நோட்டீஸில் குறைந்த நாளுக்குப் பணம் கேட்கலாம், அவ்வளவுதான் நிறுவனத்தின் உரிமை. ஆனால் கடிதத்தைக் கையில் வைத்திருக்கிறவருக்கு நீதிமன்றம் எதற்கு? தொழிற்சாலைகளுக்கான பழைய மாதிரி நிலையாணைகள், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்ட நிரந்தரத் தொழிலாளிக்குக்கூட சேவைச் சான்றிதழ் பெறும் உரிமையைக் கொடுத்திருந்தன. வேலை பார்த்தது உண்மை என்றால் அதை எழுதிக் கொடுப்பது கடமை என்பது அதன் அடிப்படை. அப்பாவின் காரியத்துக்குப் போனவரிடம் அந்தச் சான்றைக் காட்டிப் பேரம் பேசுவது கொடுமை.

மறுபக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. எல்லா ஈ.எல்.லையும் சேர்த்துவைத்து, பேப்பர் போட்ட கையோடு மொத்தமாக விண்ணப்பித்துவிட்டு, ஒரு கோப்பையும் ஒப்படைக்காமல் போகிறவர்கள் உண்டு. அவர்கள் விட்டுப்போன சுமை நிறுவனத்தின் தலையில் விழுவதில்லை, பக்கத்து நாற்காலிக்காரரின் தலையில் விழுகிறது. எந்தச் சர்வரில் எது ஓடுகிறது என்று தெரியாமல் நடுராத்திரியில் போன் எடுக்கிறவர் அவர்தான். நோட்டீஸும் விடுப்பும் தனித்தனிக் கணக்கு என்று வாதாடும் நான், நோட்டீஸ் முழுவதையும் விடுப்பால் நிரப்புவது சரி என்று சொல்ல முடியாது. மூன்று வாரம் சுற்றுலா போகிறவருக்கு நோட்டீஸ் நீளட்டும், அதில் தப்பில்லை. நோய்க்கும் சாவுக்கும் நீளக் கூடாது. வீட்டுக் காரியங்களுக்காக எடுக்கும் ஒன்றிரண்டு நாளுக்கும் நீளக் கூடாது. இந்த வித்தியாசத்தைப் பார்க்க ஒரு மேலாளருக்குச் சட்ட அறிவு வேண்டாம், எதிரில் நிற்பவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தால் போதும்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் தெளிவாகப் பேசியது. மகப்பேறு விடுப்பில் இருக்கும்போது நீக்கக் கூடாது. அந்த விடுப்புக்குள் முடியும்படி நீக்க நோட்டீஸ் கொடுக்கவும் கூடாது. நோட்டீஸ் நாளும் விடுப்பு நாளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் நசுங்குவது ஊழியர் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அன்றே அறிந்திருந்தார்கள்.

அரசுப் பணியில் வேறொரு மரபு உண்டு. ஓய்வுபெறப் போகிறவர், கணக்கில் உள்ள விடுப்பை ஓய்வுத் தேதிக்கு முன்னால் எடுத்து முடிக்க மத்திய அரசு விடுப்பு விதிகள் இடம் தருகின்றன. ஓய்வுக்கு ஆயத்தமாகும் விடுப்பு என்றே அதற்குத் தனி விதி. விலகப் போகிறவர் விடுப்பில் இருப்பது அங்கே இயல்பான காரியம். ஆனால் ராஜினாமா என்றால் அரசின் கையும் இறுகிவிடுகிறது: கணக்கில் உள்ள ஈட்டிய விடுப்பில் பாதிக்கு மட்டும், அதுவும் 150 நாளுக்கு மேற்படாமல் பணம். தானாகப் போகிறவரிடம் மட்டும் இந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறேன். போகிறவர் நம்மை வேண்டாம் என்கிறார் என்ற வருத்தம்தான் என்று தோன்றுகிறது. மனிதர்களுக்கு அந்த வருத்தம் வருவது சகஜம். நிறுவனத்தின் விதிப்புத்தகத்துக்குள் அது ஏறி உட்காரக் கூடாது.

இப்போது கணக்கு முடிப்பதில் கொஞ்சம் நல்லது நடந்திருக்கிறது. ராஜினாமா செய்தவருக்குச் சேரவேண்டிய ஊதியத்தை இரண்டு வேலைநாளுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது புதிய ஊதியத் தொகுப்புச் சட்டம். நாற்பத்தைந்து நாள், இரண்டு மாதம் என்று இழுத்தடித்த நிறுவனங்களுக்கு இது பெரிய மாற்றம். தனியார் ஊழியர் வேலையிலிருந்து விலகும்போது பெறும் விடுப்புப் பணத்துக்கு 3 லட்சமாக இருந்த வருமான வரி விலக்கு வரம்பு 2023-இல் 25 லட்சமாக உயர்ந்தது. பணத்தைப் பொறுத்தவரை சரிதான். ஆனால் பதினாறாம் நாள் காரியத்தைப் பணமாக மாற்றி வாங்கிக்கொள்ள முடியாது. அந்த நாள் அந்த நாளிலேயே வேண்டும்.

பேப்பர் போட இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். தமிழ்நாடு கடைகள் சட்டத்தின் அதே 25-ஆம் பிரிவில் இப்படி ஒரு விதி இருக்கிறது: விடுமுறைக்கு விண்ணப்பித்து, அது மறுக்கப்பட்டு, அதன்பின் வேலையை விட்டால், அந்த நாட்களுக்கான பணத்தை முதலாளி கொடுத்தே ஆகவேண்டும். கேட்டிருக்க வேண்டும், மறுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. நோட்டீஸில் இருக்கிறோமே, கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று வாய்மொழியாகக் கேட்டு வாய்மொழியாகவே திரும்பியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்கள் கேட்டதற்கும் சாட்சியில்லை, மறுத்ததற்கும் சாட்சியில்லை. ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முந்தின நாள் உங்கள் விடுப்பு இருப்பைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லீவு வேண்டுமென்றால் காரணத்தையும் தேதியையும் போட்டு எழுதிக் கேளுங்கள். இல்லை என்றால், இல்லை என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.